இறக்கை எந்தப் பக்கம்

பஸ் சீட்டைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அவர்களும் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து எல்லோரும் நின்றுகொண்டே பயணம் போவார்கள். மென்று ஒட்டிய பபுள்கம், கடித்துத் துப்பிய நகம், ஒற்றைக் கம்மல், பல்செட்டின் கீழ்ப்பாதி, கொடுக்கத் தைரியம் இல்லாமல் யாரோ சந்தில் செருகிவிட்டுப் போன கடிதம், எந்தக் குழந்தை எந்த வருஷம் கக்கியது என்று சொல்ல முடியாதபடி காய்ந்து இறுகிய ஒரு பட்டை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக சீட் தைக்கும் சீட்டக்கா இதையெல்லாம் வெறுங்கையால் எடுத்துப் போடுவாள். சோப்பு போட்டுக் கையைக் கழுவுவாள். டீ குடிக்கப் போவாள். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் குடலைப் புரட்டியது. அன்று எந்த சீட்டையும் அவள் பிரிக்கவில்லை. கூடப் பிறந்த தம்பி அவளுடைய கையை அன்பாகப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வண்டி மோதியது, கூரை விழுந்தது என்று வருகிறவர்களிடம் 'இந்தக் காகிதம் போதாது' என்று சொல்லி அனுப்புவது அவனுடைய இலாகா. அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள், அவன் படித்தான். அன்றே வீட்டில் வேலைப் பங்கீடு முடிவாகிவிட்டது. கனவு தம்பிக்கு, காஜா அக்காவுக்கு. இரண்டு பேருமே அதை ஒழுங்காகச் செய்து வந்தார்கள்.

தம்பியின் கனவுக்கு ஒரு பெயர் உண்டு: ஒற்றைச்சிறகன். எங்கோ ஒரு பெரிய கம்பெனி படக்கதையாகப் போட்டு, பிறகு பொம்மையாகவும் பென்சில் டப்பாவாகவும் விற்கிற சாகச வீரன். பிறக்கும்போது இரண்டு இறக்கை. போரில் இடது இறக்கை எரிந்துபோய், வலது மட்டும் மிச்சம். அந்த ஒற்றை வலது இறக்கைதான் அவன் நெஞ்சில் முத்திரை. ஒரு இறக்கையை வைத்துக்கொண்டு எப்படி நேராகப் பறப்பான், வட்டமாத்தானே சுத்துவான் என்று சீட்டக்கா ஒரு தடவை கேட்டாள். "அதுதான்க்கா அவனோட வலி" என்றான் தம்பி. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வலியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு.

திடீரென்று ஒரு நாள் தம்பி தொப்பி வாங்கினான். தொப்பி வாங்கிய மறுவாரம் டைரக்டர் ஆனான். ஒற்றைச்சிறகனை வைத்து ரசிகர்களே எடுக்கும் படம், இருபத்திரண்டு நிமிஷம், கம்பெனிக்காரனே அசந்துபோகும்படி எடுக்கப் போகிறோம் என்று சொல்லி முப்பது பேரைச் சேர்த்தான். அலுவலகத்தில் அவனுக்கு அடங்கி இருந்தவர்கள், அடுத்த தெருவில் கேமரா வைத்திருந்தவர், கல்யாண வீடியோக்காரர் இப்படி. கதாநாயகன் ஜிம் மாஸ்டர். நெஞ்சு நாற்பத்தாறு அங்குலம். ஒரு வரி வசனம் பேசுவதற்குள் இரண்டு தடவை தன் கையைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் உண்டு. தம்பி அதை 'உள்நோக்கிய நடிப்பு' என்றான்.

உடைக்கு மூன்று தையற்கடைகளில் கேட்டார்கள். மூன்று கடையிலும் சிரித்தார்கள். கடைசியில் தம்பி பட்டறைக்கு வந்து நின்றான். "பஸ்ஸுக்கே சட்டை தைக்கிறவ நீ. ஒரு ஆளுக்குத் தைக்க மாட்டியா?" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் ஏழு வாரம் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்தாள்.

அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வேறு யாரும் சொல்லவில்லை. மேலே கருநீல ரெக்சின், உள்ளே ஃபோம். ஃபோமைப் பட்டை பட்டையாக அறுத்து, சரித்து ஒட்டி, ஜிம் மாஸ்டருக்கு இருக்கிற தசையோடு இல்லாத தசையையும் சேர்த்துக் கொடுத்தாள். ரெக்சின் துணி மாதிரி இல்லை, ஒரு தடவை ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். பிரித்துத் திரும்பத் தைத்தால் தழும்பு தெரியும். தோளை மடக்கினால் சுருக்கம் விழும். விழாமல் இருக்க அவள் அக்குளில் இருந்து கழுத்து வரை, உள்ளே கயிறு வைத்துத் தைத்த விளிம்புப் பட்டியான பைப்பிங் வைத்து வளைத்தாள். டிரைவர் சீட்டின் முதுகு வளைவுக்கு வைக்கிற அதே பைப்பிங். ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஹார்ன் மட்டும்தாம்மா வைக்கல" என்றார். அவர் வாயில் இருந்து வருகிற பாராட்டு அந்த அளவோடு நின்றுவிடும்.

கடைசியாக முத்திரை. தம்பி அச்சடித்த படம் ஒன்றைக் கொடுத்தான், வலது பக்கம் விரிந்த ஒரு வெள்ளி இறக்கை. இங்கேதான் வந்தது வினை. ரெக்சினில் கோடு போடுகிறவர்கள் பளபளப்பான முகத்தில் போட மாட்டார்கள். போட்டால் கறை போகாது. திருப்பிப் போட்டு, பின்பக்கத்துத் துணியில்தான் பேனாவால் வரைவார்கள். சீட் வேலையில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. இடது சீட்டுக்கு வரைந்தால் வலது சீட் ஆகும், வலதுக்கு வரைந்தால் இடது ஆகும். எப்படியும் இரண்டும் வேண்டும். இத்தனை வருஷம் கை பழகியபடி அவள் படத்தைப் பின்பக்கத்தில் வைத்து வரைந்தாள். வெட்டினாள். திருப்பித் தைத்தாள். இறக்கை இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

உடுத்திப் பார்த்தது ஜிம்மில். சுவர் முழுக்கக் கண்ணாடி உள்ள இடம். ஜிம் மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்து நின்றார். தம்பியும் கண்ணாடியைப் பார்த்து நின்றான். கேமராக்காரர் கண்ணாடியை. அலுவலகத்து அடக்கமானவர்களும் கண்ணாடியை. கண்ணாடிக்குள் இறக்கை அழகாக, அச்சடித்த படத்தில் இருக்கிறபடியே, வலது பக்கம் விரிந்து கிடந்தது. தம்பி கண் கலங்கினான். எதிரே ரத்தமும் சதையுமாக நிற்கிற ஆளை நேரே பார்க்க வேண்டும் என்று ஒரு பிரகிருதிக்கும் தோன்றவில்லை. சீட்டக்கா மட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவள் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜிப் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பின் இரண்டாவது ஞாயிறு. ஒரு மொட்டை மாடி. ஜிம் மாஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் தம்பி வைத்திருந்த படக்கதைப் புத்தகம் அட்டை தெரியக் கிடந்தது. சீட்டக்கா அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். நேரே தம்பியிடம் போனாள்.

"டேய், இறக்கை அந்தப் பக்கம்ல வரணும்? நான் திருப்பித் தைச்சுட்டேன்டா. இன்னைக்கே கழட்டிக் குடு, நெஞ்சுத் துண்டை மட்டும் புதுசா வெட்டி மாத்தித் தந்துடறேன்."

தம்பி தொப்பியைச் சரிசெய்தான். "அக்கா, ஷாட் போயிட்டிருக்கும்போது டைரக்டர்கிட்ட யாரும் பேசக் கூடாது. நான் கண்ணாடியில பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் ஜிம் மாஸ்டர் இருந்தார். கேட்டார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவர் பார்த்தது இறக்கையையா நெஞ்சையா என்று சொல்ல முடியாது.

சரி, படித்தவன், டைரக்டர், ஏதாவது கேமராக் கணக்கு இருக்கும் என்று அவள் பின்னால் போய் நின்றாள். அதன் பிறகு பதினான்கு மாதம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் படம் எடுத்தார்கள். எல்லா ஞாயிறு சாயங்காலமும் உடை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டப்பட்டு அவள் வீட்டுக்கு வரும். ரெக்சினுக்குள் நாள் முழுக்க வெந்த ஒரு நாற்பத்தாறு அங்குல மனிதனின் வாசனை எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவரும் அவசியம் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர், பேசாத மனிதர், பை உள்ளே வந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவள் அதை உள்ளே வெளியே திருப்பி, ஃபோம் நனையாமல் துடைத்து, காயப்போட்டு, பிய்ந்ததைத் தைத்து அனுப்புவாள். முகம் சுளிக்காமல்தான்.

படம் முடிந்தது. தம்பி வீட்டுக் கூடத்தில் திரை கட்டி முப்பது பேருக்கும் போட்டுக் காட்டினான். ஐந்தாவது நிமிஷம் இருக்கும், கல்யாண வீடியோக்காரர் மெதுவாக, "ஏன் சார், இறக்கை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

படத்தை நிறுத்தினார்கள். படக்கதையைக் கொண்டுவந்தார்கள். திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தம்பியின் முகம் பழைய சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. பதினான்கு மாத ஞாயிறு. ஒரு காட்சியிலாவது இறக்கை சரியாக இருக்காதா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தான். இல்லை. அப்புறம் அவன் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினான்.

"ரெண்டு கண்ணு இருக்குல்ல உனக்கு? பஸ் சீட்டு தைக்கிறவகிட்டக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள், "நான் அன்னைக்கே மாடியில வச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்க்கா. இப்ப எதுவும் பேசாத. என் வாழ்க்கையையே திருப்பித் தைச்சுட்டே நீ."

முப்பது பேர் அவளைப் பார்த்தார்கள். அவள் ஜிம் மாஸ்டரைப் பார்த்தாள். ஜிம் மாஸ்டர் தன் முழங்கையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்து வந்து, எதுவும் புரியாமலே, "நீ கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாம்ல" என்று மகளிடம் சொன்னாள். எது நடந்தாலும் அம்மாவிடம் அந்த ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்.

முதலில் படத்தையே கண்ணாடி மாதிரி இடம்வலம் மாற்றிப் பார்த்தார்கள். இறக்கை சரியாயிற்று, தெருவில் இருந்த கடைப் பலகைகள் எல்லாம் தலைகீழ் மொழியில் பேச ஆரம்பித்தன. வில்லன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். பஸ்ஸுக்குத் தப்பான பக்கம் கதவு. விட்டுவிட்டார்கள். தம்பி படத்தை இருந்தபடியே இணையத்தில் ஏற்றினான். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எழுபத்தோரு பேர் இருந்தார்கள். குரைக்காமல் இருந்த நாயின் உரிமையாளருக்கு நன்றி இருந்தது. உடை என்று எழுதி எதிரே 'குழுவினர்' என்று போட்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. நாலு பேர் பார்த்து, நாற்பது பேர் திட்டி, தொப்பி அலமாரிக்குப் போயிருக்கும். ஆனால் எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்த ஒரு ஒற்றைச்சிறகன் வெறியன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாற்பது நிமிஷத்துக்கு விளக்கம் போட்டான். எரிந்துபோன இறக்கைதான் இவன் நெஞ்சில் இருக்கிறது, கவனித்தீர்களா? இருப்பதை அல்ல, இழந்ததை அணிந்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் கம்பெனிக்கே தோன்றாத ஆழம். அவ்வளவுதான். லட்சம் பேர், பத்து லட்சம் பேர். திருப்பிப் போட்ட இறக்கையைச் சிலர் தோளில் பச்சை குத்திக்கொண்டார்கள்.

தம்பி பேட்டி கொடுக்க ஆரம்பித்தான். பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் தன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எல்லோருக்கும் காட்டினார். தொப்பிக்குக் கீழே தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்: "ரெண்டு வருஷம் யோசிச்சேங்க. பாக்கறவனுக்கு அது ஒரு தப்பு மாதிரித் தெரியணும். ஆனா தப்பு இல்ல. அந்த இடத்துலதான் கலை இருக்கு."

ஃபோர்மேன் போனை அணைத்துவிட்டு சீட்டக்காவைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு வருஷம் யோசிச்சது நீயா, அவனா?"

"நான் யோசிக்கவே இல்லைண்ணே. அதான் தப்பாப் போச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். பேரும் புகழும் அவளுக்கு வேண்டாம், மேடையும் வேண்டாம். தப்பாகத் தைத்தவள் அவள்தான், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் இரண்டாம் நாளே அதைக் கண்டுபிடித்ததும் அவள்தான், மாற்றித் தருகிறேன் என்றதும் அவள்தான். அன்று கூடத்தில் இருந்த முப்பது பேரிடம் அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்ல வேண்டும். தன் வேலையில் தப்பு வந்தால் தன் கண்ணுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அவள் இத்தனை வருஷத்தில் சேர்த்து வைத்தது. அதை அவன் முப்பது பேருக்கு நடுவே பிடுங்கிப் போட்டுவிட்டான். திரும்ப எடுத்துக் கொடுத்தால் போதும்.

தம்பி பொறுமையாகக் கேட்டான். "இப்ப சொன்னா கதையே மாறிடும்க்கா" என்றான்.

கதை தானாகவே மாறியது. கம்பெனியின் வக்கீல் அலுவலகத்தில் இருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் எங்கள் வீரனை எடுத்தது ஒரு குற்றம். எங்கள் முத்திரையை வேண்டுமென்றே திரித்தது அதைவிடப் பெரிய குற்றம். 'வேண்டுமென்றே' என்பதற்குச் சாட்சியாக, ரெண்டு வருஷம் யோசித்தேன் என்று தம்பியே சொன்ன ஏழு பேட்டிகளையும் பட்டியல் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸில் ஊருக்கெல்லாம் 'இந்தக் காகிதம் போதாது' என்று சொன்னவனுக்கு இப்போது ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் அவனுடைய வக்கீல் வழி சொன்னார். இது தெரியாமல் நடந்த பிழை என்று தைத்தவரிடம் எழுதி வாங்கு.

ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, தம்பி பட்டறைக்கு வந்தான். பாதி கட்டிய பஸ் ஒன்று எலும்புக்கூடாக நின்றுகொண்டிருந்தது. சீட்டக்கா அதன் நிழலில் ஃபோம் அறுத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். அவளுடைய முழுப் பெயர் முதல் தடவையாக அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் 'தொழில் அறியாத தையற்காரரான' என்று இருந்தது. கடைசி வரியில், மேற்படி பிழையின் மேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவள் உறுதி கூறுவதாக எழுதியிருந்தது. தப்பைக்கூட அவள் பேரில் வைத்துக்கொள்ள விடவில்லை.

"தொழில் அறியாதன்னா யாரு?" என்றாள்.

"அது சும்மா வக்கீல் பாஷைக்கா. அப்படிப் போட்டாத்தான் கேஸ் நிக்காது."

"அதை அடி. அப்புறம் அன்னைக்குக் கூடத்துல என்ன சொன்னே? அந்த ஆளுங்க முன்னாடி, நான் சொன்னதையும் நீ கேக்காததையும் உன் வாயால சொல்லு. கையெழுத்துப் போடறேன்."

அவன் உடனே சரி என்றான். இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்கிறவனைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கூடப் பிறந்தவன்.

அரை மணி நேரத்தில் ஜிம் மாஸ்டர் வந்தார், கல்யாண வீடியோக்காரர் வந்தார், முப்பதில் ஒரு பன்னிரண்டு பேர் தேறினார்கள். பட்டறை ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். தம்பி தொப்பியைக் கழற்றினான். அக்காவின் கையைப் பிடித்தான். அந்தக் கை ஃபோம் தூளாக இருந்தது.

"இவ என் அக்கா. ரெண்டாவது நாளே சொன்னா. மாத்தித் தர்றேன்னும் சொன்னா. நான்தான் கேக்கல. என் தப்பை இவ தலையில போட்டேன்." குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

சீட்டக்கா பரவாயில்லடா, அழாதடா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தான்.

"வந்துச்சா?"

அவள் திரும்பினாள். பஸ்ஸின் ஜன்னல் சட்டத்துக்குள்ளே கேமராவை வைத்துக்கொண்டு கேமராக்காரர் உட்கார்ந்திருந்தார். "அழுகை நல்லா வந்துருக்கு சார். நடுவுல வெல்டிங் சத்தம் ஒண்ணு விழுந்துருச்சு."

"அக்கா, இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்றான் தம்பி. "நீ கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லு, வெளிச்சம் உன் முகத்துல விழட்டும். நான் கையைப் பிடிக்கும்போது டக்குனு பாக்காத. மெதுவாப் பாரு."

அவனுடைய கண்ணில் அந்தத் தண்ணீர் இன்னும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அது பொய்க் கண்ணீராக இருந்திருந்தால்கூட அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நிஜமாகவே அழுகிறான், அழுதுகொண்டே வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கிறான். அவள் கையை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குனிந்து நின்றாள். காலையில் சாப்பிட்டது எல்லாம் வந்தது.

ஃபோர்மேன் பின்னாலேயே போய், என்னம்மா, உள்ள எதையாவது பாத்துட்டியா என்று கேட்டார். அவர் சீட்டைச் சொன்னார்.

"ஆமாண்ணே" என்றாள்.

திரும்பி வந்து காகிதத்தைத் தம்பியின் சட்டைப் பையில் வைத்தாள், கையெழுத்து இல்லாமல். எல்லோரையும் வேலையைப் பார்க்கப் போகச் சொன்னாள். தம்பி, அக்கா ஒரே ஒரு தடவை என்றான். அவள் ஃபோம் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரையும் குத்துவதற்காக இல்லை; பன்னிரண்டு சீட் பாக்கி இருந்தது.

கையெழுத்து இல்லாமலே தம்பி பிழைத்துக்கொண்டான். நான்கு நாள் கழித்து 'மன்னிப்பு' என்று ஒரு வீடியோ வந்தது. அவன் தன் வீட்டில் உட்கார்ந்து பேசியதும் பட்டறையில் எடுத்ததும் சேர்த்து ஒட்டியது. ஒட்டு வேலை சுத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ரெண்டாவது நாளே சொன்னா' போயிருந்தது. 'நான்தான் கேக்கல' போயிருந்தது. 'இவ என் அக்கா' இருந்தது. அதற்குப் பிறகு தம்பியின் குரல்: படிக்காதவ, தெரியாமத் தப்பாத் தைச்சுட்டா, அதை வெளிய சொன்னா அவ மனசு உடைஞ்சுடும்னுதான் பழியை என் மேல போட்டுக்கிட்டு, நானே யோசிச்சேன்னு சொன்னேன். திரையில் அவள் வாயைத் திறக்கப் போகிற முகத்தோடு அவனைப் பார்த்தபடி நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது நன்றியாகத் தெரிந்தது. கீழே சோக வயலின்.

படம் நீக்கப்பட்டது, கம்பெனிக்கு அது போதும். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட நல்ல மனசுக்காரனை விடக் கூடாது என்று அவனை 'ரசிகர் தூதர்' ஆக்கியது. மூன்று மாதத்தில் திருப்பிப் போட்ட இறக்கையோடு கம்பெனியே பனியன் விற்றது. அம்மா போன் செய்து, தம்பி உன்னை எவ்வளவு தாங்குகிறான் பார்த்தாயா என்று அழுதாள். புது பஸ்ஸுக்கு சீட் நிறம் பார்க்க வந்த முதலாளியம்மா ஒருத்தி சீட்டக்காவை அடையாளம் கண்டு, "நீங்கதானா அது? உங்களை மன்னிச்சாரே, எவ்வளவு பெரிய மனசு உங்க தம்பிக்கு" என்றாள். சீட்டக்கா அந்தம்மாவுக்கு மூன்று நிறம் எடுத்துக் காட்டி அனுப்பினாள்.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஃபோர்மேனிடம், வீடியோவுக்குக் கீழே எழுதுவது எப்படி என்று கேட்டாள். அவர் காட்டினார். எழுத்து எழுத்தாகத் தேடி முக்கால் மணி நேரம் அடித்தாள்.

'தைத்தது நான். திரும்பி இருக்கிறது என்று இரண்டாம் நாளே சொன்னேன். மாற்றித் தருகிறேன் என்றேன். கண்ணாடியில் பார்த்தேன் சரியாக இருக்கிறது என்றான்.'

கீழே தன் முழுப் பெயர். அதற்கும் கீழே, யோசித்து, 'சீட் தையல், 22 வருடம்.'

சாயங்காலம் பார்த்தபோது அது இல்லை. மறுநாள் மத்தியானம் மறுபடியும் அடித்தாள். அரை மணி நேரம்தான் ஆயிற்று. அதையும் அழித்திருந்தார்கள். மூன்றாம் நாள் இருபது நிமிஷம். யாரோ ஒருவன் 'யாரம்மா நீ, விளம்பரம் தேடுறியா' என்று கேட்டிருந்தான். பதில் எழுதுவதற்குள் அவன் கேள்வியும் சேர்ந்து போனது. அந்த வாரம் முடிவதற்குள் நான்கு வரியும் அவள் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு கையில் டம்ளரைப் பிடித்தபடி மறு கையால் அடித்தாள். ஜிம் மாஸ்டருக்கு அனுப்பிப் பார்க்கலாமே, அவர்தான் சாட்சி என்று ஃபோர்மேன் சொன்னார். வேண்டாம், அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றாள்.

பதினோராம் நாள் தம்பி போன் செய்தான். முன்பெல்லாம் இருந்த தூதர் குரல் இல்லை.

"அக்கா, ஏன்க்கா இப்படிப் பண்றே? கம்பெனிக்காரங்க பாத்துட்டுக் கேக்கறாங்க. தினமும் உக்காந்து நானே அழிக்க வேண்டியிருக்கு."

"அழி" என்றாள் அவள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நான் தினமும் எழுதறேன். நீ தினமும் அழி. யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு பாப்போம்."